எட்டு ஆணி

புயலுக்கு மறுநாள் காப்பீட்டுக்காரர்
படிவத்தில் எழுதியது "குப்பை" என்று.
குப்பையின் சுற்றளவு ஒன்பதடி.
வான்ட்ரா வீட்டு கராஜின் நெற்றியைப் பிளந்துவிட்டு
வேரை அயோவா வானத்துக்குக் காட்டிக் கிடந்தது.

பெரிய மில்காரர்கள் வரமாட்டார்கள்.
வீட்டு வாசல் வால்நட் என்றால் அவர்களுக்குப் பயம்.
துணிக்கொடிக் கம்பி, நாய்ச்சங்கிலி,
பொழுதுபோகாதவன் சுட்ட குண்டு,
எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப்
பட்டையைப் போர்த்திக்கொண்டு சாதுவாய் நிற்கும்.
ஒரு ஆணிக்கு ஒரு வாள். கணக்கு உதைக்கும்.
எனக்குக் கணக்கு வராது.
டிரெய்லரோடு போனேன்.

"எடுத்துப் போனால் போதும் லோவெல்லா,
காசு வேண்டாம்" என்றார் எமில்.
நெட்டி ஜன்னலில் நின்றாள்.
சங்கிலி இழுபட்டதும் திரையை விட்டுவிட்டாள்.

அறுத்த முகங்களுக்கு மெழுகு பூசிவைத்தேன்.
ஈரம் அவசரப்பட்டால் மரம் வெடிக்கும்.
அக்டோபரில் மில்லில் ஏற்றினேன்.
முதல் பலகை திறந்தபோது உள்ளே
கத்தரிக்காய் நிறம், கொஞ்சம் பச்சை.
பத்து நிமிஷம்தான். காற்றுப் பட்டதும் பழுப்பு.
கேமரா எடுக்க ஓடியவர்கள் எல்லோரும்
பழுப்பைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது பலகையில் வாள் அலறியது.

குனிந்து பார்த்தால்
மைக்கூடு கவிழ்ந்த மாதிரி நீலம்.
இரும்பைத் தின்ற வால்நட் அப்படித்தான் கக்கும்.
உலோகம் தேடும் கோலை முன்பே ஓட்டியிருக்க வேண்டும்;
சோம்பல். இப்போது ஓட்டினேன்.
முழத்துக்கு ஒருமுறை கத்தியது.
உளியால் தோண்டினேன்:
இரண்டிரண்டாய், எட்டு.

மரம் வளரும், ஆணி ஏறாது.
அடித்த உயரத்திலேயே நிற்கும்,
மரம்தான் அதன் மேல் பருத்துக்கொண்டு போகும்.
ஆணித்தலையிலிருந்து பட்டை வரை
வளையம் எண்ணினேன். நாற்பத்தொன்று.
கீழ்ப்படி என் முட்டிக்கு நேர்.
ஏறியவன் குட்டை. அல்லது ஏறியவள்.

"பிள்ளைகளுக்கு ஏணி அடித்தீர்களா?"
எமிலுக்கு போன் செய்தேன்.
"எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை" என்றார்,
நாளைக்கு மழை இல்லை என்பது போல.
"இந்த வீடு வாங்கி முப்பத்திநாலு வருஷம்."
போன் கை மாறும் சத்தம்.
நெட்டி கேட்டாள்:
"அந்த ஏணி எங்கே போய் முடிகிறது?"

அதை நான் பார்க்கவில்லை.

கவையில் முடிந்தது.
விறகுக்கென்று ஒதுக்கி, மேலே காபிக் கோப்பை வைத்துக்கொண்டிருந்த கட்டை.
பிளந்தேன். இரு கிளை பிரியும் இடத்தில்
நார் இறகாய் விரிந்திருந்தது.
உட்கார்ந்த தடயம் எதுவுமில்லை.

பச்சையாகவே கடைசலில் மாட்டினேன்.
ஈரச் சுருள் பறந்து கண்ணாடியில் ஒட்டியது.
விரல்கள் பத்து நாள் கறுப்பு; சோப்பு தோற்றது.
பக்கத்துப் பண்ணை டெல்ஃபின் கோணியோடு வந்தாள்,
குதிரைக்குப் படுக்கை போடச் சுருள் வேண்டுமாம்.
மிதித்தால் குதிரை நொண்டும் என்றேன்.
கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

பாதி கடைந்த கிண்ணத்தை
அதன் சுருளிலேயே புதைத்துக் காகிதப் பையில் கட்டினேன்.
வாரம் ஒருமுறை தராசு.
எடை இறங்குவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம்.
பலகைகள் அப்படியில்லை,
அங்குலத்துக்கு ஒரு வருஷம்.
இடையில் குச்சி வைத்து அடுக்கிவிட்டு
வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

மே மாதம் நெட்டி வந்தாள்.
கிண்ணம் முட்டை போல் கோணியிருந்தது.
"திரும்பக் கடைந்து வட்டமாக்குகிறேன்."
"வேண்டாம்."
மேசையில் வைத்தாள். ஆடியது.
ஆடி ஆடி ஒரு பக்கமாய் நின்றது.

ஆணிப் பலகையையும் கேட்டாள்.
யாரும் வாங்காத பலகை, இன்னும் ஈரம் வேறு.
விலை கேட்டாள். போன வாளின் விலையைச் சொன்னேன்.
முப்பத்திரண்டு டாலர், சில்லறையோடு எண்ணி வைத்தாள்.

வெயிலில் வைக்காதே என்று சொல்லியிருக்கலாம்.
செர்ரி வெயிலில் கறுக்கும்,
இது வெளுக்கும்.
சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது,
பின்கதவுக்கு வெளியே பலகை நாலடி நீட்டிக்கொண்டு,
நுனியில் ஒரு சிவப்புத் துணி.